மாடியில் பெய்யும் 60 குடம்: தண்ணீர் தட்டுப்பாடுள்ள வீட்டுக்கும் பள்ளிக்கும் மழைநீர் எப்படிக் கைகொடுக்கும்?

உங்கள் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடி எத்தனை சதுர அடி? 600 என்று வைத்துக்கொள்வோம். நேற்று ராத்திரி எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது? 20 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்குங்கள். வரும் எண்ணை 0.074-ஆல் பெருக்குங்கள்.

888 வருதா? அதுதான் லிட்டர் கணக்கு. ஒரே ராத்திரியில் அவ்வளவு நல்ல தண்ணீர் உங்கள் மாடியில் இறங்கி, தூம்பு வழியாகத் தெருவுக்கு ஓடியிருக்கிறது. 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்திருந்தால் ஏறக்குறைய 60 குடம்!

அந்த 0.074 எங்கிருந்து வந்தது? ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். சதுர அடிக்கு மாற்றினால் 0.093 லிட்டர். அதில் தளம் உறிஞ்சுவது, சிதறுவது, அழுக்கோடு வெளியே விடுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 0.074. இந்த ஒரு எண்ணை மனசுல வச்சுக்கிட்டா போதும். உங்கள் வீடு, பக்கத்துப் பள்ளி, அங்கன்வாடி, சமுதாயக் கூடம் என்று எந்தக் கூரைக்கும் நீங்களே கணக்குப் போடலாம்.

தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை சுமார் 920 மி.மீ. அதில் பாதிக்குப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடுகிறது. 600 சதுர அடி மாடிக்கு இது ஆண்டுக்கு 40 ஆயிரம் லிட்டருக்கு மேல். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரியாக எண்ணினால் மூன்று லாரிக்கும் அதிகம்!

"அப்புறம் ஏன் சார் மே மாசம் குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையுறோம்?" என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி.

குழாய் இருக்கு, தண்ணீர் எங்கே?

மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய முன்னோடி மாநிலம் தமிழ்நாடு. 2003-ஆம் ஆண்டில் வந்த சட்டம் புதுக் கட்டடம், பழைய கட்டடம் இரண்டுக்கும் பொருந்தியது. இன்றும் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, புதிதாக வீடு கட்டுபவர்கள் வரைபடத்திலேயே மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் காட்ட வேண்டும்.

ஆனாலும் சென்னை இரண்டு காட்சிகளைப் பார்த்தது. 2015 டிசம்பரில் நகரமே வெள்ளத்தில் மிதந்தது. நாலே வருஷத்தில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர்.

மழை குறைந்தது ஒரு காரணம். பெய்த மழையைப் பிடித்து வைக்காதது இன்னொரு காரணம். பல வீடுகளில் மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்கும். அது எங்கே போய் முடிகிறது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. குழி மண் மூடிக் கிடக்கும். மேலே டைல்ஸ் பதித்திருப்பார்கள். சில இடங்களில் குழாய் நேராகத் தெருச் சாக்கடைக்கே போகும். மழைநீர்க் குழாய் இருப்பதாலேயே தண்ணீர் சேர்ந்துவிடாது. வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தால்தான் அது மழைநீர் சேகரிப்பு. இல்லையென்றால் அது சும்மா ஒரு பிவிசி பைப்தான்.

சேமிப்பதா, பூமிக்குள் விடுவதா?

மழைநீர் சேகரிப்பு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பூமிக்குள் விடும் குழிதான். உண்மையில் வழி இரண்டு.

முதல் வழி, தொட்டியில் சேமிப்பது. மாடித் தண்ணீரை வடிகட்டி, மூடிய தொட்டியிலோ சம்பிலோ வைத்துக்கொள்வது. பலன் உடனே தெரியும். இன்று பெய்தால் நாளைக்குக் குடிக்கலாம், சமைக்கலாம்.

இரண்டாவது வழி, நிலத்தடி நீரைப் பெருக்குவது. கசிவுநீர்க் குழி, பழைய கிணறு, வடிகட்டியோடு கூடிய போர் வழியாகத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவது. இதன் பலன் மெதுவாக வரும். நீங்கள் இறக்கிய தண்ணீர் பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் ஊறும். தெருவே சேர்ந்து செய்தால்தான் கோடையில் வித்தியாசம் தெரியும்.

தண்ணீர் வசதி உள்ள வீட்டுக்கு இரண்டாவது வழி மட்டுமே போதுமானதாக இருக்கலாம். ஆனால் குடிக்கவே தண்ணீர் இல்லாத குடும்பத்திடம் "குழி வெட்டுங்க, நாலு வருஷத்துல நிலத்தடி நீர் ஏறும்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவர்களுக்கு முதலில் தேவை ஒரு சின்னத் தொட்டி. நிரம்பி வழிவதைப் பூமிக்குள் விடலாம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஐந்து பேர் உள்ள வீடு. குடிக்க, சமைக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்றால் மொத்தம் 25 லிட்டர். குளிக்க, துவைக்க வேறு தண்ணீர் இருக்கட்டும். அது உப்பாக இருந்தாலும் சமாளித்துவிடலாம்.

5,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால், 25 லிட்டர் வீதம் 200 நாளைக்கு வரும். டிசம்பர் கடைசியில் தொட்டி நிறைந்திருந்தால் ஜூலை நடுப்பகுதி வரை கவலையில்லை. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் அதற்குள் அடங்கிவிடுகிறது!

அந்தத் தொட்டி நிறைய எவ்வளவு மழை வேண்டும்? 600 சதுர அடி மாடிக்கு மொத்தம் 113 மி.மீ. போதும். நல்ல பருவமழைக் காலத்தில் நாலைந்து மழையிலேயே நிறைந்துவிடும். மழை பொய்க்கும் ஆண்டிலும் எட்டக்கூடிய அளவுதான் இது.

இதில் மிச்சமாவது தண்ணீர் மட்டுமல்ல. கேன் தண்ணீருக்கு மாசாமாசம் போகிற பணம் மிச்சம். லாரி எப்போது வரும் என்று வேலைக்குப் போகாமல் காத்திருக்கும் நாள் மிச்சம். குடத்தோடு வரிசையில் நிற்பது பெரும்பாலும் அம்மாவும் வீட்டுப் பெண் பிள்ளைகளும்தான். காலையில் அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்தால், பிள்ளை சாப்பிட்டுவிட்டு, வீட்டுப் பாடத்தை முடித்து, நேரத்துக்குப் பள்ளிக்குப் போகும்.

பள்ளியின் கணக்கு வேறு

100 பிள்ளைகள் படிக்கும் ஒரு கிராமத்துப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். கூரை 3,000 சதுர அடி. 20 மி.மீ. மழைக்கு 4,440 லிட்டர். ஆண்டுக்கு 2 லட்சம் லிட்டருக்கு மேல்.

பள்ளிக்குத் தண்ணீர் தேவைப்படும் இடங்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். குடிக்க. காலை உணவும் சத்துணவும் சமைக்க. தட்டுக் கழுவ. சாப்பிடும் முன் கை கழுவ. கழிப்பறைக்கு. செடிகளுக்கு. நாட்டின் தர விதிகள் பகல் நேரப் பள்ளிகளுக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கின்றன. 100 பிள்ளைகளுக்கு 4,500 லிட்டர். ஒரு நல்ல மழை, ஒரு நாள் தேவை. தொட்டியை மட்டும் நம்பி முழுப் பள்ளியையும் நடத்த முடியாது என்பது இதிலேயே தெரிகிறது.

அதனால் பள்ளியில் தண்ணீரை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

குடிக்கவும் சமைக்கவும் மழைநீர்த் தொட்டி. பிள்ளைக்கு 2 லிட்டர் என்றால் நாளைக்கு 200 லிட்டர். 20 ஆயிரம் லிட்டர் தொட்டி 100 பள்ளி நாட்களுக்கு வரும்.

கழிப்பறைக்கும் கழுவுவதற்கும் பள்ளியின் கிணறு அல்லது போர். தொட்டி நிறைந்தபின் வரும் மழைநீர் முழுவதையும் அதைச் சுற்றி நிலத்துக்குள் இறக்கினால், கோடை நெருங்கும்போது மோட்டார் வெறும் காற்றை இழுக்காது.

கழிப்பறைத் தண்ணீரைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளியில் பல மாணவிகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். "ஸ்கூல்ல பாத்ரூம் போக முடியாதும்மா, அதான் குடிக்கல" என்பார்கள். இதனால் சிறுநீர்த் தொற்று வரும். மாதவிடாய் நாட்களில் லீவு போடுவார்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் என்றால் ஒரு கல்வியாண்டில் எத்தனை வகுப்பு போகும் என்று பாருங்கள். வாளியில் தண்ணீர் இருந்தாலே இதில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

ஃபுளோரைடு, உப்பு உள்ள ஊர்களில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அந்த ஊர்களுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் கொண்டுவரப்பட்டது. இந்தியத் தரத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயசிலிருந்து குடித்தால் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை வரும். அளவு கூடக்கூட, வருஷக்கணக்கில் குடிக்கக் குடிக்க, எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக, மிச்சமுள்ள தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். உப்புக்கும் இதே கதைதான்.

மழைநீரில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அது மண்ணையும் பாறையையும் தொடாமல் நேராகக் கூரையில் இறங்குகிறது. இந்த ஊர்களில் கூட்டுக் குடிநீர் வராத நாளில் போர் தண்ணீரைக் குடிப்பதற்குப் பதிலாக, குடிக்கவும் சமைக்கவும் தொட்டியில் பிடித்த மழைநீரைப் பயன்படுத்துங்கள். ராமநாதபுரம் பக்கம் நிலத்தடி நீர் உப்பாக இருந்ததால்தான் நம் முன்னோர் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி மழைநீரைக் குடிக்க வைத்துக்கொண்டார்கள். செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுக் கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுவதைப் பாத்திரங்களில் பிடித்தார்கள். நமக்குப் புதுசில்லை இது.

மழைநீரில் தாது உப்புகள் குறைவு. குடித்தால் சப்பென்று இருக்கும். பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும்.

தொட்டி முறை: செய்வது எப்படி?

1. கூரையைப் பாருங்கள். கான்கிரீட் தளம், ஓடு, தகரக் கூரை ஏற்றவை. கீற்றுக் கூரைத் தண்ணீரும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரும் குடிக்க வேண்டாம். கழுவ, செடிக்கு விடப் பயன்படுத்தலாம். ஓட்டு, தகரக் கூரைக்கு ஓரம் முழுக்க நீர்த்தாரை வேண்டும். பெரிய பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டாக அறுத்தாலே போதும்.

2. தூம்பு வாயில் சல்லடை போடுங்கள். இலை, தூசி, பறவை இறகு எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

3. முதல் மழையை வெளியே விடுங்கள். கூரையில் சேர்ந்த தூசியும் எச்சமும் முதல் 10, 15 நிமிட மழையில்தான் இறங்கும். இறங்கு குழாயில் ஒரு டி இணைப்பு கொடுத்து, அதன் அடிப்பக்கத்தில் மூடி போட்டு வைத்தால் போதும். மழை தொடங்கும்போது மூடியைத் திறந்து, தண்ணீர் தெளிவாக வந்ததும் மூடிவிடுங்கள். பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு மழைக்கும் இதைச் செய்ய வேண்டும்.

4. வடிகட்டி. ஒரு பிளாஸ்டிக் டிரம் போதும். அடியில் கூழாங்கல், அதன் மேல் சிறு ஜல்லி, மேலே கழுவிய பெருமணல். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் நைலான் வலை.

5. மூடிய தொட்டி. வெளிச்சம் உள்ளே போகக் கூடாது. போனால் பாசி பிடிக்கும். கொசு போகக் கூடாது. வழிகுழாய் வாயிலும் காற்றுக் குழாய் வாயிலும் கொசுவலை கட்டுங்கள். தண்ணீர் எடுக்கும் பைப்பைத் தொட்டியின் அடியிலிருந்து அரையடி உயரத்தில் வையுங்கள். அடியில் படியும் வண்டல் வராது. குடம் விட்டு மொண்டு எடுக்காதீர்கள்.

6. நிரம்பி வழிவதைக் கசிவுநீர்க் குழிக்குத் திருப்பிவிடுங்கள்.

நிலத்துக்குள் இறக்கும் முறை

கசிவுநீர்க் குழியின் வழக்கமான அளவு: நீளம் 1 மீட்டர், அகலம் 1 மீட்டர், ஆழம் 1.5 மீட்டர். அதில் உடைகல்லோ செங்கல் ஜல்லியோ நிரப்பி, மேலே மணல் போட்டு, ஓட்டையுள்ள மூடியால் மூட வேண்டும்.

இது எல்லா மண்ணுக்கும் ஒத்துவராது. திருவான்மியூர் மாதிரி கடலோர மணற்பாங்கான இடத்தில் இந்தக் குழியே போதும், தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடும். களிமண் நிலத்திலும், கிண்டி, வேளச்சேரி மாதிரி கீழே பாறை உள்ள இடத்திலும் குழி நிறைந்து நின்றுவிடும். அங்கே குழிக்குள் 10 முதல் 15 அடி ஆழத்துக்கு ஒரு சிறு துளை போட்டு, ஜல்லி நிரப்ப வேண்டும். பக்கத்து வீட்டில் குழி வெட்டிய கொத்தனாரைக் கேட்டாலே உங்கள் தெரு மண் எப்படி என்று சொல்லிவிடுவார்.

வீட்டிலோ பள்ளியிலோ பழைய கிணறு இருந்தால் அதுதான் ஆகச் சிறந்த அமைப்பு. அதைக் குப்பைத் தொட்டி ஆக்கிவிடாதீர்கள். தூர்வாரி, மேலே கம்பி வலை போட்டு, வடிகட்டிய மாடித் தண்ணீரை அதில் விடலாம்.

செய்யவே கூடாதவை மூன்று. வடிகட்டாத தண்ணீரைப் போருக்குள் நேராக விடக் கூடாது. அழுக்கு நேராக நிலத்தடி நீருக்கே போய்விடும். குளியலறை, துணி துவைத்த தண்ணீரை இந்தக் குழியோடு இணைக்கக் கூடாது. செப்டிக் டேங்க் பக்கத்தில் குழி வெட்டக் கூடாது.

பயன்படாத ஆழ்துளைக் கிணறு பற்றி ஒரு வார்த்தை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் ஒரு குழந்தை விழுந்து இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. பள்ளி வளாகத்திலோ வயலிலோ திறந்த குழாய் இருந்தால் இன்றே மூடுங்கள். அதைச் சுற்றி வடிகட்டும் குழி அமைத்து, வாயை நிரந்தரமாக அடைத்து, மழைநீர் சேகரிப்பு அமைப்பாகவே மாற்ற முடியும்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மழைநீரை அப்படியே குடிக்கலாமா?
வேண்டாம். வடிகட்டிய தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள். பள்ளித் தொட்டிக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடணும் என்பதை உங்கள் பகுதி சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

தொட்டி வச்சா டெங்கு வருமே?
பயம் நியாயமானதுதான். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஆனால் மூடி இறுக்கமாக இருந்து, குழாய் வாய்களில் வலை இருந்தால் கொசு உள்ளே போக வழியே இல்லை. ஆபத்து இருப்பது மூடாத டிரம்மிலும் மாடியில் கிடக்கும் டயரிலும்தான்.

வாடகை வீடு. நான் என்ன செய்ய?
குழி வெட்ட முடியாவிட்டாலும், தூம்புக்கு நேராக வடிகட்டியும் ஒரு மூடிய டிரம்மும் வைக்கலாம். 200 லிட்டர் என்றாலும் ஒரு வாரத்துக்கு மேல் சமையலுக்கு வரும். வீடு மாறும்போது டிரம்மையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில்?
மாடிக் குழாய்களைச் சம்போடு இணைப்பது சுலபம். மழைக்காலத்தில் எத்தனை டேங்கர் லாரி குறைந்தது என்று சங்கக் கூட்டத்தில் கணக்குக் காட்டினால், அடுத்த வருஷம் யாரும் செலவுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

யாரிடம் கேட்பது?

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு: பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: "பள்ளியில் மழைநீர்க் குழாய் எங்கே போய் முடியுது? கடைசியா எப்போ சுத்தம் செஞ்சாங்க?" பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். முன்னாள் மாணவர்கள் உதவ விரும்பினால் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வழியாகத் தரலாம்.

கிராமத்துக்கு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அக்டோபர் 2 கூட்டம் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. ஊருணி தூர்வாருவது, பள்ளிக்குத் தொட்டி கட்டுவது போன்றவற்றை அங்கே தீர்மானமாகக் கொண்டுவரலாம்.

புகாருக்கு: தெருவில் மழைநீர் வடிகால் அடைப்பு என்றால் சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1913. மாநிலம் முழுவதற்கும் முதல்வரின் முகவரி உதவி எண் 1100.

மழை அளவுக்கு: டிஎன்-அலர்ட் செயலியில் தமிழிலேயே வானிலை முன்னறிவிப்பு கிடைக்கும். நாளைக்கு மழை என்று தெரிந்தால் இன்று சாயங்காலமே மாடியைப் பெருக்கிவிடலாம்.

செப்டம்பர் மாதச் சரிபார்ப்புப் பட்டியல்

• மொட்டை மாடியைப் பெருக்கிக் கழுவியாச்சா?
• தூம்பு வாய்ச் சல்லடை இருக்கா, கிழிஞ்சிருக்கா?
• ஒரு வாளித் தண்ணீரைத் தூம்பில் ஊற்றிப் பாருங்கள். எங்கே வெளியே வருது?
• வடிகட்டி மணலைக் கழுவி மாத்தியாச்சா?
• குழியில் படிஞ்ச வண்டலை வாரியாச்சா?
• தொட்டியை உள்ளே தேய்த்துக் கழுவி, வலை கட்டியாச்சா?
• முதல் மழையில் மூடியைத் திறந்து மூடுவது யார் பொறுப்பு? வீட்டில் ஒருவர், பள்ளியில் ஒருவர் என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

இதில் மூன்றாவதை இன்றைக்கே செய்து பார்க்கலாம். செலவு இல்லை, ஐந்து நிமிஷம்தான் ஆகும். வாளித் தண்ணீர் தெருவில் வந்து விழுந்தால், அடுத்த மழையின் 60 குடமும் அதே வழியில்தான் போகும். மழை வருவதற்குள் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.